கேள்விக்குறி போட்ட ரிக்கற்

மட்டக்களப்பு, அம்பாறை ஆஸ்பத்திரிகளில் டிஸ்சார்ஜ் எழுதும் இளம் டொக்டர்மாருக்கு,

வணக்கம். நான் ரெக்கோட் றூமில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு ரிக்கற், அதாவது வாட்டில் அவருடைய நோயும் வைத்தியமும் எழுதிய தாள்கட்டு, எங்களிடம் வரும். அதில் உள்ள நோயை ஐ.சி.டி. 10 என்ற உலக நோய்ப் பட்டியலின் இலக்கமாக்கி, காலாண்டுக்கு ஒருதரம் கொழும்புக்கு அனுப்புவோம். ஆளின் முகம் எங்களுக்குத் தெரியாது. உங்கள் கையெழுத்துத்தான் தெரியும். அதுவும் சில நாளில் தெரியாது.

ஒருமுறை ஹேர்னியாவுக்கு வந்த, வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரை ஆளின் ரிக்கற்றில், கடைசி வரியில் 'எச்.ஐ.வி', பக்கத்தில் மை கசிந்து பொட்டாகிப்போன ஒரு கேள்விக்குறி. நான் பி 24 போட்டேன். நோய் இருக்கு என்று அர்த்தம். உண்மையில் அது ஒபரேஷனுக்கு முந்தின சோதனை. 'நெகட்டிவ்' என்ற லேப் துண்டு உள்ளே பின் அடித்துக் கிடந்தது. நான் புரட்டிப் பார்க்கவில்லை. அடுத்த தடவை அவர் காய்ச்சலோடு வந்தபோது பழைய ரிக்கற்றை எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். கட்டிலை மூலைக்குத் தள்ளினார்கள். வாவிக்கு அக்கரை போக அந்தச் செய்திக்கு வள்ளம் தேவைப்படவில்லை.

பிழை என்னுடையது. ஆனால் பாதி உங்கள் பேனையிலும் இருக்கிறது.

சும்மா சோதித்துப் பார்த்தது மட்டும் என்றால் இசட் 11.4. முடிவு தெளிவில்லையென்றால் ஆர் 75. தொற்றுள்ள தாயின் கைக்குழந்தைக்கு வரும் தீர்மானமில்லாத முடிவும் இதற்குள்தான். தொற்று உறுதி, அறிகுறி ஒன்றுமில்லை என்றால் இசட் 21. அந்தத் தொற்றால் காசநோய் வந்திருந்தால் பி 20.0. நீங்கள் மூன்று எழுத்தோடு நிறுத்தினால் இதில் எது என்று நாங்கள் குறி சொல்ல வேண்டியதுதான். கர்ப்பிணித் தாய்மாருக்கும் இந்தச் சோதனை வழமையாக நடக்கிற நாடு இது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்ததாக 2019 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது. ஆகவே ரிக்கற்றில் அந்தச் சொல் இருப்பதால் மட்டும் ஆளுக்கு நோய் என்று ஆகாது.

இன்னொரு பக்கமும் உண்டு. உண்மையில் தொற்றுள்ளவருக்கு, இரக்கப்பட்டு 'நியூமோனியா' என்று மட்டும் எழுதுவது. மனசு விளங்குகிறது. ஆனால் ரகசியம் காப்பது அலுமாரிப் பூட்டின் வேலை, நோயின் பெயரை மறைப்பதல்ல. அப்படி மறைத்தால் கணக்கில் அந்த ஆளே இல்லை.

முடிவையும் திகதியையும் முழுதாக எழுதுங்கள். சந்தேகமென்றால் றூமிலிருந்து ஒரு பிள்ளை ரிக்கற்றோடு வாட்டுக்கு வரும். 'இப்ப நேரமில்லை' என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய ரெக்கோட் றூம்காரன்