பட்டிமன்றத் தலைப்பு

அன்புள்ள கண்ணுக்கு,

மாரியம்மன் பண்டிகைக்குப் பட்டிமன்றச் செலவை நீ ஏற்றுக்கொண்டதாகக் கோவில் கமிட்டியார் சொன்னார்கள், சந்தோஷம். ‘வீட்டில் அதிகாரம் யாருக்கு? கணவனுக்கா, மனைவிக்கா?’ என்ற தலைப்பு சரிதானா என்று கேட்டிருந்தாய். சரியில்லை என்பது என் கருத்து. போனில் சொன்னால் வாக்குவாதமாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

அந்தத் தலைப்பில் என்ன பேசுவார்கள் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். மனைவி வைத்த ரசத்தைப் பற்றி ஒன்று, நகைக்கடையைப் பற்றி ஒன்று, அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பியதும் விட்ட பெருமூச்சைப் பற்றி ஒன்று. எதிரணியில் ஒரு பெண்மணி எழுந்து ஆண்களை நாலு வார்த்தை கேட்டுவிட்டு, கடைசியில் மாமியாரை இழுத்துக் கைதட்டல் வாங்குவார். நடுவர் தானும் வீட்டுக்குப் பயந்தவர்தான் என்று சொல்லித் தீர்ப்பை மனைவிக்கே கொடுப்பார். பொங்கல், தீபாவளி என்றால் தொலைக்காட்சியிலும் பெரும்பாலும் இதுதான். பேசுகிறவர்களுக்கு நாவன்மை உண்டு, நானும் சிரித்திருக்கிறேன். என் ஆட்சேபமெல்லாம், அத்தனை சிரிப்பும் ‘ஆண்கள் பெண்டாட்டிக்கு நடுங்குகிறார்கள்’ என்ற ஒரே பொய்யை நம்பி நிற்கிறது என்பதுதான். அதிகாரம் ஏற்கெனவே அவள் கையில் இருக்கிறது என்று ஊரே சிரித்து ஒப்புக்கொண்ட பிறகு, அவளுக்கு எதையும் கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருப்பதில்லை.

நடுங்குகிறவர்கள் ஊரில் தோட்டத்துப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 2005-இல் அந்த உரிமை நாடு முழுவதற்கும் வந்தது. நம் பக்கத்தில் அந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்வது, என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று மகள் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். உன் பெரியம்மா கையெழுத்துப் போட்ட அன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நானும் போயிருந்தேன். பத்திர எழுத்தர் விறுவிறுவென்று படித்துக்கொண்டே வந்து, அவளுக்குக் கொடுத்ததாக எழுதியிருந்த தொகை வந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தினார். அக்கா கட்டைவிரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி, உன் மாமன் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, முதலில் அவனுக்கு ஒரு டீ வாங்கிக்கொடு என்றாள். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும், நாளைக்குப் பேத்தி சீருக்குத் தாய்மாமன் வீட்டார் வந்து நிற்க மாட்டார்கள் என்ற கணக்கு அவளுக்கு இருந்தது. யாரும் அவளை மிரட்டவில்லை. மிரட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஊராட்சியிலும் இதே கதைதான். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டமானது. ஆனால் நம் ஊரில் தலைவி ஜெயித்த பிறகு ‘தலைவரே’ என்று எல்லோரும் கூப்பிட்டது அவர் வீட்டுக்காரரை. தட்டியில் அவர் படம் பெரிது, அந்த அம்மாவின் படம் தபால் தலை அளவு. மஞ்சள் காட்டில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதைப் பற்றி எழுதவே வேண்டாம், உனக்கே தெரியும்.

மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளின் வாதத்தைக் கேட்கப் போனபோது, இளம்பெண் என்று உனக்கு யாரும் பொருள் உரைக்க மாட்டார்கள், வேற்றுருக் கொள் என்று கண்ணகித் தெய்வம் சொல்ல, அவள் ஆண் துறவியின் வடிவத்தில்தான் போனாள். அந்த வஞ்சி நம் கருவூர்தான் என்பாரும் உண்டு. அப்படியானால் நம் நாட்டுப் பழக்கம் கொஞ்சம் பழையதுதான்.

என் யோசனை இது. ‘பிறந்த வீட்டில் பெண்ணின் பங்கைத் தடுப்பது பாசமா, பயமா?’ என்று தலைப்பு வைக்கச் சொல். இரண்டு அணிக்கும் பேச விஷயம் உண்டு. சிரிக்கவும் இடம் உண்டு, ஏனென்றால் அண்ணன் தம்பிகள் சொல்லும் சமாதானங்களைவிட வேடிக்கையானது எதுவும் இல்லை. முன்வரிசைப் பாயில் உட்காருகிற பெண்களில் பாதிப்பேர் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். நடுவராக ஒரு பெண்ணை அழைக்கச் சொல். கமிட்டியில் முனகுவார்கள், பணம் கொடுப்பவன் கேட்டால் மறுக்க மாட்டார்கள். நோட்டீஸில் உபயம் என்று உன் பெயரை மட்டும் போடாதே. அந்தப் பணத்தில் மருமகளின் சம்பளமும் இருக்கிறது, அவள் பெயரையும் சேர்த்துக் கொடு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதாம், அதற்குள் பேசிவிடு.

அன்புடன்,
அம்மா