ஃபோர்சைட்டுக்கு ஒரு கண்ணாடி

ஆர்.கே.புரம்,
புதுதில்லி

அன்புள்ள சுந்தரம்,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டாதே. பங்கஜத்துக்கு முட்டிவலி, எனக்கு இருமல், தில்லிப் புகை இரண்டு பேருக்கும் பொது. பெரியவன் இன்னும் புனேயில்தான். குடும்பச் செய்தி முடிந்தது.

இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். கும்பகோணத்துக்கே கண்ணாடி மாட்டிவிடுகிறாய், எனக்கும் ஒன்று செய்து கொடு. படிக்க இல்லை, சுட.

சிரிக்காதே. மாமனாரின் .32 ரிவால்வர் என் லைசென்ஸுக்கு மாறியதும், அதைப் பெட்டியில் தூங்க விடுவானேன் என்று கிளப்பில் சேர்ந்து துக்ளகாபாத்தில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்வருகிறேன். 1982 ஆசிய விளையாட்டுக்குக் கட்டியது. இலக்கு 25 மீட்டரில். நம் என்.சி.சி. ஹவில்தார் "ஷிஸ்த் லே!" (குறி பார்!) என்று கத்துவது இன்னும் காதில் விழுகிறது. உன் தோட்டா பக்கத்துக்காரன் அட்டையில் போய் உட்கார்ந்ததும் மறக்கவில்லை.

இந்த மாதிரி ரிவால்வரில் பேக்சைட் என்று, அதாவது குறி பார்க்கப் பின்னால் வைக்கும் சைட் என்று, தனியாக ஒன்றும் கிடையாது. மேல்பட்டையில் வெட்டிய ஒரு பள்ளம், அவ்வளவுதான். அதற்குள், குழல் முனையில் துருத்திக்கொண்டிருக்கும் ஃபோர்சைட் நிற்க வேண்டும். மேல் மட்டம் ஒன்றாக, இரண்டு பக்கமும் வெளிச்சம் சமமாக. கை ஆடுகிறதே என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார். சைட்டுகள் அப்படியே நேராக இருந்து கை மட்டும் ஒரு செ.மீ. நகர்ந்தால் தோட்டாவும் ஒரு செ.மீ.தான் நகரும். இரண்டு சைட்டுக்கும் நடுவே 12 செ.மீ. என்று வை, ஃபோர்சைட் பள்ளத்துக்குள் அரை மி.மீ. ஒதுங்கினால் போதும், 25 மீட்டரில் தோட்டா 10 செ.மீ. தள்ளிப் போய்விடும். 20 செ.மீ. கறுப்பு வட்டத்தின் நடுவைப் பார்த்துச் சுட்டால் ஓரத்தில் விழும்! அதனால் கண் ஃபோர்சைட்டிலேயே இருக்க வேண்டும், இலக்கு மங்கலாகத்தான் தெரியும். துரோணர் என்னைக் கேட்டால் மரமும் தெரியவில்லை, பறவையும் தெரியவில்லை, ஃபோர்சைட்தான் தெரிகிறது என்பேன்.

இன்னொரு வேடிக்கை. தோட்டா குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே துப்பாக்கி உதைத்து மூக்கைத் தூக்க ஆரம்பித்துவிடும். அதற்கு ஈடுகட்டத்தான் ஃபோர்சைட்டை உயரமாக வைக்கிறார்கள். கனமான தோட்டா மெதுவாகப் போகும், அதிகமாக உதைக்கும், அதனால் அது மேலே விழும். கீழே விழுகிறது என்றால் ஃபோர்சைட்டைக் கொஞ்சம் அராவலாம். அராவியதை ஒட்ட முடியாது என்பதால் நான் அரத்தைத் தொடுவதே இல்லை. வெயிலில் பளபளக்காமல் இருக்க அதற்குக் கற்பூரப் புகை காட்டுகிறேன். பூஜைக் கற்பூரம் குறைகிறது என்று பங்கஜம் தினமும் ஒரு பாட்டு.

சரி, கண்ணுக்கு வருகிறேன். இப்போது போடும் புரொக்ரெஸிவ் கண்ணாடியில் படிக்கிற பகுதி அடியில் இருக்கிறது. ஃபோர்சைட்டோ கண்ணுக்கு நேரே. தண்ணீர் குடித்த கோழி மாதிரி தலையைத் தூக்கினால்தான் தெரிகிறது. படிக்கிற பவர் 40 செ.மீ.க்கு, கையை நீட்டினால் ஃபோர்சைட் ஏறக்குறைய 75 செ.மீ.யில் இருக்கிறது. தூரப் பவரோடு +1.25 கூட்டினால் ஃபோர்சைட் கூர்மையாகத் தெரியும், இலக்கு கரைந்தே போகும். +0.75 என்றால் இரண்டையும் ஒருவழியாகச் சமாளிக்கலாம் என்கிறான் கிளப்பில் ஒரு பையன். நீ என்ன சொல்கிறாய்?

அப்புறம் இன்னொன்று. பங்கஜத்திடம் சொல்லவில்லை. வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது என்கிறார் டாக்டர். நான் சுடுவது அந்தக் கண்ணால்தான். ஃபோர்சைட்டின் விளிம்பில் எப்போதும் ஒரு பனி; கண்ணாடியைத் துடைத்தாலும் போவதில்லை. சரியான பவர் போட்டால் அது போகுமா, இல்லை ஆபரேஷன்தான் வழியா? உன்னிடம் சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது, நீயும் பேசாதே. ஆபரேஷன் என்றால் தை மாதம் அங்கே வந்து உன் வீட்டிலேயே டேரா போட்டுவிடுகிறேன். மீனாட்சியிடம் இப்போதே சொல்லிவை.

டாக்டர் எழுதிய பவர் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஃபிரேம் மட்டும் நீ தேர்ந்தெடுக்காதே. உன் ரசனை ஊருக்கே தெரியும்.

உன்,
ராமு