பங்கு சேர்ந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியிருப்பு மக்களே பங்கு போட்டு மளிகைக் கடை திறப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனைதான். ஆனால் கட்டுரை முழுக்கப் பங்கு சேர்ப்பதைப் பற்றியே பேசுகிறது. கடை திறந்த மறுநாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மளிகை மொத்த வியாபாரத்தில் வெகுகாலம் கணக்கு எழுதியவன் நான். என் கண் அங்கேதான் போகிறது.

மளிகையில் நூறுக்கு விற்றால் எல்லாச் செலவும் போக இரண்டோ மூன்றோ மிஞ்சினாலே பெரிய விஷயம். விற்பனை கொஞ்சம் படுத்தாலும் வாடகை, சம்பளம், குளிர்பெட்டிக்கான மின்சாரம் குறையாது. சரக்கு தேங்கும், தேங்கியது கெடும். அப்புறம் அலமாரி காலியாகத் தெரிய ஆரம்பித்தால், வந்துகொண்டிருந்தவர்களும் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ நகரின் ஒரு பகுதியில் இருந்த பெரிய மளிகைக் கடை 1998இல் மூடப்பட்டது. பதினெட்டு வருடம் காத்துப் பார்த்த அந்தப் பகுதி மக்கள், 2016இல் தாங்களே ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேல் பங்குதாரர்கள். 2019 ஜனவரியில் அதையும் மூட வேண்டியதாயிற்று. ஆள்பலம் இருந்தது, விற்பனைதான் போட்ட கணக்கை எட்டவில்லை. பங்குப் பத்திரத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, மாதச் சாமானை வேறு கடையில் வாங்குவதை யார் தடுக்க முடியும்?

இங்கிலாந்தின் ராச்டேல் ஊர்க்காரர்கள் இந்த ஆபத்தை முதலிலேயே யோசித்திருந்தார்கள். அதே ஊரில் அதற்கு முன்பு ஒரு கூட்டுறவுக் கடை கடன் கொடுத்தே நொடித்திருந்தது. 1844 டிசம்பரில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு பணம் போட்டுத் தொடங்கிய கடையில் ரொக்கம் மட்டும்தான். எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. நான் மிகவும் வியப்பது அவர்கள் லாபத்தைப் பிரித்த விதத்தை. முதலுக்கு அளவான வட்டி மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை யார் எவ்வளவுக்குச் சாமான் வாங்கினார்களோ அந்த விகிதத்தில் கொடுத்தார்கள். கடைக்கு வராத பங்குதாரருக்கு அதில் ஒன்றும் கிடையாது. அதுவும் ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டே மாலைதான் கடை திறந்தார்கள். இன்றைக்கு நாமானால் திறப்பு விழாவிலேயே பாதி முதலைக் கரைத்துவிடுவோம்!

இன்னொன்று. கொள்முதல் தெரிந்த ஒரு மேலாளரைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டு, நிர்வாகக் குழு சற்று விலகி நிற்க வேண்டும். மாதக் கணக்கைக் கேட்கட்டும், கேள்வியும் கேட்கட்டும். ஆனால் எந்தச் சோப்பை எந்த அலமாரியில் வைப்பது என்பதற்கெல்லாம் கூட்டம் போட்டால் சரக்கு வருவதற்குள் மாதம் முடிந்துவிடும்.

இப்படிக் கடை தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பங்கு விண்ணப்பத்தில் பெயர், முகவரிக்குக் கீழே இன்னொரு கட்டம் போடுங்கள்: ‘மாதச் சாமானில் எவ்வளவு இங்கே வாங்குவீர்கள்?’ அந்தக் கட்டத்தில் சேரும் தொகையைக் கூட்டிப் பார்த்த பிறகு வாடகைக்கு இடம் தேடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்