'ஹார்ட் பேக்கேஜ்' விற்கும் லேப் நிர்வாகிகளுக்கு ஒரு மடல்

வணக்கம்.

உங்கள் பேக்கேஜில் எச்எஸ்-சிஆர்பி பரிசோதனையைச் சேர்த்திருப்பது நல்லதே. உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் சிஆர்பி என்ற புரதத்தை நுட்பமாக அளப்பது அது. ஆனால் ரத்தம் எடுக்கும் விதத்திலும் ரிப்போர்ட் அச்சிடும் விதத்திலும் அதன் பயன் பாழாகிறது.

ரத்தக் குழாய் தடிப்பது கொழுப்பு படிவதால் மட்டும் அல்ல. எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பின் துகள்கள் உட்சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைந்ததும், அவற்றை அகற்ற வெள்ளையணுக்கள் வருகின்றன. கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரைச்செல்களாகி அங்கேயே தங்கிவிடுகின்றன. அவை சுரக்கும் பொருள்கள் மேலும் வெள்ளையணுக்களை வரவழைக்கின்றன. கொழுப்புத் திட்டை மூடியிருக்கும் நார்ப்படலத்தையும் அரிக்கின்றன. இதுதான் அழற்சி. படலம் கிழிந்தால் அந்த இடத்திலேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரும். பாதிகூட அடைபடாத குழாயிலும் இப்படி நடக்கும். 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், எல்டிஎல்லைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்த கனாகினுமாப் ஊசி, 150 மி.கி. அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றைச் சேர்த்து 15 சதவீதம் குறைத்தது. கூடவே உயிரைப் பறிக்கும் தொற்றுகளும் கூடின; அது இதய நோய் மருந்தாகவில்லை.

அழற்சி இவ்வளவு முக்கியம் என்பதால்தான் அதை அளப்பதில் கவனம் வேண்டும். பல்லில் சீழ், சளி, காய்ச்சல் எது இருந்தாலும் சிஆர்பி ஏறும். வெறும் வயிற்றில் வரச் சொல்கிறீர்கள்; இந்தப் பரிசோதனைக்கு அது தேவையே இல்லை. "இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்ததா?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வந்திருந்தால் ரத்தம் எடுக்காதீர்கள்.

லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம். 10ஐத் தாண்டினால் முதலில் தொற்றையோ வேறு அழற்சி நோயையோ தேட வேண்டும். அதற்குப் பக்கத்தில் சிவப்பில் 'இதய அபாயம்' என்று அச்சிடுவது தவறு. இரண்டு வார இடைவெளியில் இருமுறை பார்த்துச் சராசரி எடுப்பதே முறை. இரண்டாவது பரிசோதனையையும் பேக்கேஜ் விலைக்குள்ளேயே கொடுங்கள்.

அலகையும் தெளிவாகப் போடுங்கள். டெசிலிட்டருக்கு 0.4 மி.கி. என்றால் லிட்டருக்கு 4 மி.கி. அந்தப் புள்ளியைப் பார்த்து நிம்மதியாகப் போகிறவர் உண்மையில் அபாயத்தில் இருப்பவர். '6க்குக் கீழ் நெகட்டிவ்' என்று சொல்லும் சாதாரண சிஆர்பி கிட்டை இதற்குப் பதிலாகப் பயன்படுத்தினாலும் அவருடைய அபாயம் கண்ணில் படாமல் போய்விடும்.

ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரியும் வேண்டும்: எண்ணைப் பார்த்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் அழற்சியைத் தணிக்கும் கோல்சிசின் மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவருக்கும், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிடுபவருக்கும் அந்த மாத்திரை நஞ்சாகலாம்.