இணைச்சீருக்கு ஆள் இல்லாத வீடு

கண்ணு,

நேற்று ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்பாவுக்குக் காட்டவில்லை. "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத் திமிர் ஜாஸ்தி ஆயிடுச்சும்மா" என்று எழுதியிருந்தாயே, அதைத்தான். போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கிழங்கு லோடு ஏற்ற ஆள் வருவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதில் உனக்குக் கோபம். எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது, போனது நானும் அப்பாவும் பெரியப்பாவும்தானே. காபித் தட்டை எடுத்து வந்தது அந்தப் பெண்ணின் அப்பா. அவள் எங்களுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிற பெண், காலையில்தான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள் போல, கண்ணில் தூக்கம். "அஞ்சு வருஷம் கழிச்சு அவரு பெங்களூர்ல இருப்பாருங்களா, தோட்டத்துல இருப்பாருங்களா?" என்று கேட்டாள். பெரியப்பா இருமினார். அடுத்து, "அவருக்குச் சமைக்கத் தெரியுங்களா அத்தை?" என்றாள். அரிசிம்பருப்புச் சாதம் நல்லாச் செய்வான் என்று சொல்லிவிட்டேன். நீ வெந்நீர் வைத்துப் பார்த்தே எனக்கு ஞாபகம் இல்லை, இருந்தாலும் சொன்னேன்.

கிளம்பும்போது மாட்டுக் கட்டுத்தறி வரைக்கும் என்னோடு நடந்து வந்தவள், மற்றவர்கள் காதில் விழாத மாதிரி, "தோட்டம் யாரு பேர்லங்க இருக்குது? உங்க பேர்ல ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டாள். எல்லாம் ஒண்ணுதானே சாமி என்றேன். அவள் சிரித்தாள், அவ்வளவுதான். இதைத்தான் பெரியப்பா காரில் வரும்போது திமிர் என்றார், அவரிடமிருந்து அது உன்னிடம் வந்திருக்கிறது. நான் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து, 36 வருஷமாகப் பண்ணையம் பார்க்கிற என் பேரில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரேஷன் கார்டில் பேர் இருக்கிறது. கூட்டுறவு சொசைட்டியில் ஒரு நகைக் கடன் இருக்கிறது.

என்னைப் பார்க்க வந்தது 1988 ஐப்பசியில். அப்பாவைப் பெத்த அப்பாரு, ஆத்தா, பெரிய அத்தை, இன்னும் யார் யாரோ, ஒரு மெட்டடார் வேனில் ஒன்பது பேர். வந்து உட்கார்ந்ததும் ஆத்தா என் கையில் ஒரு குடத்தைக் கொடுத்து, "தாகமா இருக்குது, தண்ணி சேந்திட்டு வா" என்றார்கள். வீட்டுக்குள் பானை நிறையத் தண்ணீர் இருந்தது. நான் கிணற்றடிக்குப் போய்ச் சேந்தி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வரும்வரை ஒன்பது பேரும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நொண்டுகிறேனா என்று. அப்பா திண்ணையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், நான் பார்த்தது அவருடைய வகிடை மட்டும்தான். சாயங்காலம் என்னைப் பெத்த உன் அப்புச்சி வந்து, "தையில முடிச்சுடலாம்னு பேசியாச்சு" என்றார். என்னைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1989 தையில் கல்யாணம். அதே வருஷம் மார்ச் 25-லிருந்து தமிழ்நாட்டில் பெண்பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் ஆணுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வந்தது, ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது. இரண்டு மாதத்தில் தப்பிவிட்டேன், அல்லது தப்பவிட்டேன், எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். 2005-ல் டெல்லியில் சட்டத்தை மாற்றிக் கல்யாணமான பெண்ணுக்கும் உண்டு என்றார்கள், அதற்குள் உன் மாமன்கள் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அவர்கள் மேல் வருத்தம் இல்லை, சீர் குறைவில்லாமல்தான் செய்தார்கள். ஆனால் சீரில் வந்த பித்தளை அண்டாவை வைத்து ஒரு பெண் தனியாக நிற்க முடியாது, அது கோபிக்காரிக்குத் தெரிந்திருக்கிறது.

அப்பாவோடு என் வாழ்க்கை நல்லபடியாகத்தான் ஓடியது. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பார். பெரியவர்கள் விசாரித்துச் செய்தார்கள் என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், எந்த வீட்டில் கடன், எவன் சீட்டாடுகிறான், எந்தக் குடும்பத்தில் மருமகளைச் சோறு போடாமல் வைத்தார்கள் என்று நாலு ஊர் தாண்டிப் போய்க் கேட்டு வருவார்கள், அந்த வேலையை எந்த மேட்ரிமோனி ஆப்பும் செய்யாது. ஆனால் விசாரித்ததெல்லாம் குடும்பத்தை. ஆள் நல்லவராக அமைந்தது என் யோகம். என் சின்ன அக்காவுக்கும் இதே ஆட்கள்தான் விசாரித்தார்கள், அவள் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

சரி, இந்தக் காலத்துக் கதைக்கு வருகிறேன். உனக்கு ஏழு வருஷமாகப் பார்க்கிறோம். அந்த மஞ்சள் ஃபைலில் ஜாதக நகல் அறுபதுக்கு மேல் இருக்கிறது, ஓரமெல்லாம் மடங்கிப்போய். குலக் கூட்டம் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, செவ்வாய் பார்த்து முதல் மூன்று வருஷம் நாங்களே பாதியைத் தள்ளினோம், ஒரு பெண்ணை டிகிரி முடிக்கவில்லை என்று தள்ளினோம், இன்னொன்றை நிறம் கொஞ்சம் மட்டு என்று அத்தை தள்ளினாள். அப்போது யாரும் திமிர் என்று சொல்லவில்லை. அப்புறம்தான் அந்தப் பக்கத்திலிருந்து தள்ள ஆரம்பித்தார்கள். நம் ஊரில் மட்டும் முப்பது தாண்டிக் கல்யாணம் ஆகாத பையன்களை விரல் விட்டு எண்ணினேன், இரண்டு கை போதவில்லை. தோட்டம், போர் போடுகிற ரிக் வண்டி, கோழிப்பண்ணை எல்லாம் இருக்கிற பையன்கள். சனிக்கிழமையானால் கோயிலில் விளக்குப் போட அவர்களுடைய அம்மாக்கள்தான் வரிசையில் நிற்கிறோம், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல்.

பாலக்காட்டுத் தரகர் கதையை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. போன வருஷம் ஒரு ஆள் வந்து, அந்தப் பக்கம் பெண் இருக்கிறது, கல்யாணச் செலவு, நகை எல்லாம் மாப்பிள்ளை வீடு, கமிஷன் தனி என்றான். அப்பா கிழங்குப் பணத்திலிருந்து 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். இரண்டு போட்டோ வந்தது, அப்புறம் போன் எடுக்கவில்லை. பணம் போனதைவிட வேறொன்றுதான் எனக்கு உறுத்தியது. அந்தப் பெண் எந்தச் சாதி என்று நம் வீட்டில் ஒருத்தரும் துருவிக் கேட்கவில்லை. "மலையாளத்துப் பொண்ணு, நம்மள மாதிரித்தானாம்" என்றார் பெரியப்பா, முடிந்தது. இதே பெரியப்பாதான் 2016-ல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம், சாதி மாறிக் கல்யாணம் பண்ணிய சங்கரைப் பட்டப்பகலில் வெட்டியபோது, "பெத்தவன் வயிறு எரியுமா எரியாதா" என்று டீக்கடையில் பேசிவிட்டு வந்தவர். பெண் கிடைக்காதபோது கரைகிற சாதி, பெண் தானாக ஒருத்தனைப் பிடித்தால் மட்டும் அரிவாளாகிறது. இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

போன வைகாசியில் கீழ்த் தோட்டத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவளை வைத்துச் செய்கிற இணைச்சீர்ச் சடங்கு நேரம் வந்தது. கூறைச்சேலையின் ஒரு தலைப்பைப் பிடிக்க மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் வேண்டும், அவன் ஒற்றைப் பிள்ளை. பெரியப்பா மகளைக் கூப்பிடலாம் என்றால் பெரியப்பாவுக்கும் ஒரே பையன், சித்தப்பாவுக்கும் ஒரே பையன். சடங்கை நடத்திவைக்கிற அருமைக்காரர் மேடையில் காத்துக்கொண்டிருக்க, பந்தியில் உட்கார்ந்திருந்த ஏதோ தூரத்து உறவு காலேஜ் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார்கள். அந்தப் பிள்ளை விரலில் சாம்பார் வாசத்தோடு கூறையைப் பிடித்துக்கொண்டு, எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஏன் என்று இப்போது எழுதுகிறேன், இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

1993-ல் உனக்கு இரண்டு வயது. எனக்கு மறுபடியும் தங்கி நாலு மாதம் முடிந்திருந்தது. ஆத்தாவும் நானும் ராசிபுரத்தில் சேலம் பஸ் ஏறினோம். அதற்கு முந்தின வருஷம்தான் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்திருந்தார்கள், பெண் குழந்தையைக் கொல்லாமல் தொட்டிலில் விட்டுவிட்டுப் போகச் சொல்லி, பஸ்ஸில் இரண்டு பொம்பளைகள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள், ஆத்தா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்கள். ஸ்கேனில் வயிற்றில் தடவினது சில்லென்று இருந்தது. டாக்டர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, ஆத்தாவிடம்தான் சொன்னார். அப்படிச் சொல்லக்கூடாது என்று சட்டம் வந்தது 1994-ல்.

யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. "ஒண்ணே போதும், தோட்டம் ரெண்டாப் போகாது, சீர் செலவும் இல்ல" என்று மெதுவாகத்தான் சொன்னார்கள், அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ என்ன சொல்கிறாய் என்று ஆத்தா கேட்டார்கள். அந்த வீட்டில் என்னைக் கேட்டு வாங்கிய முதல் சம்மதம் அது. சரி என்றேன்.

அந்தக் காலத்தில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பையன்கள் 1000 பேருக்குப் பெண்பிள்ளைகள் 850-ஐ ஒட்டித்தான் இருந்தார்கள், நாமக்கல் அப்போது சேலத்தோடுதான் இருந்தது. அந்தக் கணக்கில் விடுபட்டுப்போன பிள்ளைகளைத்தான் இன்றைக்கு மஞ்சள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் தேடுகிறோம். பிறந்து தப்பித்து வந்தவள் நாலு கேள்வி கேட்டால் அதற்குப் பேர் திமிரா? உன்னைக் குற்றம் சொல்லவில்லை சாமி, நீ தொட்டிலில் இருந்தாய். ஆனால் அந்தச் சொல்லை என்னிடம் இனிமேல் எழுதாதே, என்னால் தாங்க முடியவில்லை.

அப்பாவிடம் நேற்று இரண்டு விஷயம் பேசினேன். மேட்டுக்காட்டு இரண்டு ஏக்கரை என் பேருக்கு எழுதச் சொன்னேன், ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, இன்றைக்குக் காலையில் பத்திர எழுத்தரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார், பார்க்கலாம். இன்னொன்று, மேட்ரிமோனி தளத்தில் நான்தானே உன் பேரில் எல்லாம் நிரப்பினேன், அதில் சாதி தடையில்லை என்று மாற்றிவிட்டேன். பெரியப்பாவுக்குத் தெரிந்தால் வீட்டுக்கு வருவதை நிறுத்துவார், நிறுத்தட்டும். அங்கே ஆபீஸில் உனக்கு யாரையாவது பிடித்திருந்தால் இத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்தாயோ என்றும் யோசித்தேன். அப்படி இருந்தால் சொல். இல்லையென்றால் நான் தேடுகிறேன், விசாரிக்கிற வேலை எனக்கு நன்றாக வரும். ஆனால் இனி நான் விசாரிப்பேன், நீயே அந்தப் பெண்ணோடு பேசு, ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை பத்து தடவை, அவள் கேட்பதற்கெல்லாம் நீயே பதில் சொல். என்னை முன்னால் நிறுத்திப் பொய் சொல்ல வைக்காதே.

அந்தப் பொய்யை மட்டும் சரி பண்ணிவிடலாம். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, கழுவிக் கொஞ்ச நேரம் ஊறவை. குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், வரமிளகாய், தட்டின பூண்டு, ஒரு பிடி சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, மஞ்சள்தூள் போட்டு வதக்கு, அப்புறம் அரிசி பருப்பைப் போட்டு மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்று. உப்பை மறந்துவிடாதே. மூன்று விசில். விசில் அடங்கினதும் திறந்து நெய் விடு, நெய் போன தடவை கொடுத்துவிட்டதே இன்னும் இருக்கும், நீ அதைத் தொட்டிருக்கவே மாட்டாய்.

லோடு வண்டி வந்துவிட்டது.

அம்மா