என்பிஏ-வுக்கும் வாரிசு நீங்கள்தான்

யுஎஸ்ஏ பிஎம்எக்ஸ் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். என்பிஏ என்றால் இன்று எல்லோருக்கும் கூடைப்பந்துதான் ஞாபகம் வரும். நான் எழுதுவது நேஷனல் பைசைக்கிள் அசோசியேஷனைப் பற்றி. மண் தடத்தில் சின்ன சைக்கிள்களை ஓட்டும் பிஎம்எக்ஸ் பந்தயத்தை அமெரிக்கா முழுவதற்கும் நடத்தக் கிளம்பிய முதல் அமைப்பு அது.

அதற்கு முன்னாலும் பந்தயம் இருந்தது. 1970 நவம்பரில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் ஸ்காட் பிரைட்ஹாப்ட் என்ற 13 வயதுப் பையன் ஆளுக்கு 25 சென்ட் வாங்கிக்கொண்டு போட்டி நடத்தினான். ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது, மோட்டார் சைக்கிள் ஓட்டித் தான் வாங்கியிருந்த கோப்பைகளை! ஆனால் அது ஒரு ஊரின் விளையாட்டு. மோட்டோகிராஸ் என்ற மண் தட மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடத்திவந்த எர்னி அலெக்சாண்டர்தான் என்பிஏ-வைத் தொடங்கி, உறுப்பினர் அட்டை, ஆண்டு முழுக்கச் சேரும் புள்ளி, தேசியத் தரவரிசை என்று அதற்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார். ஹேண்டில்பாரில் கட்டும் நம்பர் பிளேட்டில் '1' என்று போட்டுக்கொள்ள நாடு முழுக்கப் பையன்கள் ஏங்கியது அப்புறம்தான்.

சரிவும் சீக்கிரமே வந்தது. 1974-இல் புளோரிடாவில் ஜார்ஜ் எஸ்ஸர் நேஷனல் பைசைக்கிள் லீக் என்ற என்பிஎல்-ஐத் தொடங்கினார். 1977-இல் அரிசோனாவில் ஜீன் ரோடனும் மெர்ல் மென்னெங்காவும் அமெரிக்கன் பைசைக்கிள் அசோசியேஷன் என்ற உங்கள் ஏபிஏ-வைத் தொடங்கினார்கள். ஒன்றில் சேர்த்த புள்ளி இன்னொன்றில் செல்லாது. மூன்றுக்கும் தனித்தனிச் சந்தா, தனித்தனி முதலிடம். வாரக்கடைசியில் பிள்ளையையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் குடும்பம் எத்தனை அமைப்புக்குத்தான் செலவழிக்கும்? ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். முன்னோடி என்பதற்காக யாரும் என்பிஏ-வோடு தங்கிவிடவில்லை. 1981 பருவத்தோடு அதன் தனி ஓட்டம் முடிந்து, என்பிஎல்-உடன் கலந்துவிட்டது.

2011-இல் அந்த என்பிஎல்-உம் ஏபிஏ-வோடு இணைந்துதான் யுஎஸ்ஏ பிஎம்எக்ஸ் ஆனீர்கள். அப்படிப் பார்த்தால், போட்டி போட்டு ஜெயித்த வீட்டுக்கே தோற்றவரின் வாரிசுப் பொறுப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

என்பிஏ-வின் கதையை, விழுந்த கதையையும் சேர்த்து, முழுசாகத் தொகுத்து வையுங்கள். 1975-இல் பத்து வயதில் ஓட்டியவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். நம்பர் பிளேட்டோ விதிப் புத்தகமோ புள்ளிப் பட்டியலோ வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாலே போதும். ஏன் என்பிஏ-வை விட்டுப் போனோம் என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தயவுசெய்து இந்த ஆண்டே தொடங்குங்கள்.

அன்புடன்,
பிஎம்எக்ஸ் வரலாற்றைத் தேடிப் படிக்கும் ஒரு தமிழ் வாசகன்