காட்சிப் பொருள் என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய மாதிரி ரயில் இன்ஜினையும் புதிய மாதிரி ரயில் இன்ஜினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால், அறுபதுகளில் வந்த இன்ஜின்களை இனி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஓட்டுவதற்கு லாயக்கில்லை என்று கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அதுதான் விடமாட்டேன் என்கிறது.

அந்த முடிவுக்கு அவர் வந்த விதம் இருக்கிறதே! டிரையாங் என்ற பிரிட்டிஷ் பொம்மை ரயில் கம்பெனியின் காலத்து இன்ஜின் ஒன்றை நிக்கல் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) தண்டவாளத்தில் வைத்து, பின்னால் பெட்டிகளைக் கோத்து, ஏற்றத்தில் விட்டிருக்கிறார். சக்கரம் சுற்றியதாம், வண்டி நகரவில்லையாம். உங்களுக்குத் தெரியாததா? அந்தக் கம்பெனி மேக்னடீஷன் என்று பெயரிட்டு, பல இன்ஜின்களில் காந்தப் பிடிப்பு வைத்து விற்றது. அப்போது தண்டவாளம் எஃகு. காந்தம் அதைக் கவ்விக்கொள்ளும், சக்கரம் வழுக்காது. நிக்கல் சில்வரில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. கட்டுரையாளர் பெயர் சொன்ன இன்ஜினும் காந்தம் வைத்து வந்த வகைதான். பழைய எஃகுத் தண்டவாளம் நாலு துண்டு தேடி எடுத்து ஓட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. தீர்ப்பு எழுத மட்டும் இருந்தது.

அதே கட்டுரையில் இன்னொரு முத்து. பழைய இன்ஜின் தண்டவாளத்தின் மேல் குறுகலாக நிற்கிறது, அளவு சரியில்லை என்கிறார். ஐயா, ஓ.ஓ. என்று நாம் சொல்லும் பிரிட்டிஷ் மாடல் அளவு 1:76.2. அந்தக் கணக்குக்கு இங்கிலாந்தின் உண்மையான 1435 மில்லிமீட்டர் பாதை 18.83 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஆனால் ஓடுவதென்னவோ ஹெச்.ஓ. என்ற இன்னொரு சிறிய அளவுக்கு உரிய 16.5 மில்லிமீட்டர் பாதையில். 1:87 உடம்புக்குப் பொருந்தும் பாதை அது. சரி, குறுகல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் வானளாவப் புகழ்ந்த புது இன்ஜினும் அதே ஓ.ஓ., அதே 16.5 மில்லிமீட்டர் பாதையில்தானே நிற்கிறது? பழையது நின்றால் குறை, புதியது நின்றால் கம்பீரமா?

நான் ஒன்றும் புது மாடல்களுக்கு விரோதி இல்லை. ஐந்து போல் மோட்டாரும் ஃபிளைவீலும் வைத்த இப்போதைய இன்ஜின் நகர்வது தெரியாமல் நகர்கிறது. பழைய ஓப்பன் ஃபிரேம் மோட்டார் முதலில் ஒரு குதி குதித்துவிட்டுத்தான் கிளம்பும். பழைய சக்கரங்களின் விளிம்பு ஆழமானது. கோடு 75 என்ற உயரம் குறைந்த தண்டவாளத்தில் விட்டால், தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆணிப் பிடிகளில் கடகடவென்று இடித்துக்கொண்டு போகும். அதைவிட உயரமான கோடு 100இல் அந்தத் தொல்லை இல்லை. இதையெல்லாம் எழுதியிருந்தால் நானே பாராட்டிக் கடிதம் போட்டிருப்பேன். எழுதவில்லையே.

அதற்குப் பதில் என்ன எழுதினார்? பழைய இன்ஜினில் டி.சி.சி. (டிஜிட்டல் கட்டளையால் இன்ஜினை ஓட்டும் முறை) போட முடியாது என்று. எங்கள் வீட்டுப் பாதையில் அப்படி மாற்றிய இன்ஜின்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த மோட்டாரைத் திறந்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு கார்பன் பிரஷ்களையும் ஒரே கொண்டை ஊசி வடிவ ஸ்பிரிங்தான் அழுத்திப் பிடிக்கும். ஸ்பிரிங்கின் ஒரு காலில் சின்ன இன்சுலேஷன் குழாய் இருக்கும். மற்றக் கால் சேசிஸோடு, அதாவது இன்ஜினின் உலோகச் சட்டத்தோடு, சேர்ந்தது. டிகோடரை, அதாவது கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் மின்னணுச் சில்லை, கொன்றுவிடும் இடம் அதுதான். மோட்டார் பக்கம் செய்ய வேண்டியது இதுதான்: அந்த இன்னொரு காலுக்கும் ஒரு குழாய்த் துண்டை மாட்டி, பிரஷ் இரண்டும் சேசிஸைத் தொடவில்லை என்று மீட்டரில் பார்த்துக்கொண்டு, டிகோடரின் ஆரஞ்சு வயரை ஒரு பிரஷுக்கும் சாம்பல் வயரை மற்றதற்கும் கொடுத்தால் முடிந்தது. காந்தம் வலுவிழந்த மோட்டார் கரண்ட் அதிகம் இழுக்கும், அதனால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி எவ்வளவு இழுக்கிறது என்று முதலில் அளந்துவிட்டு, அதற்குத் தக்க டிகோடர் வாங்க வேண்டும். அவ்வளவுதான். முடியாது என்று அச்சிடுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்கள் பத்திரிகைதான் என்பதுதான் என் வருத்தம். ஒரு காலத்தில் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் பழுது பார்க்கும் பகுதி ஒன்று வரும். எங்கே ஒரு சொட்டு எண்ணெய், எங்கே விடவே கூடாது என்று படம் போட்டிருப்பீர்கள். மோட்டாரின் காந்தத்தைச் சும்மா கழற்றினால் வலுக் குறைந்துவிடும், இரும்புத் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும் என்று அதில் படித்ததால்தான் என் மோட்டார்கள் பிழைத்தன. அந்தப் பகுதியை நிறுத்திவிட்டீர்கள். ஏன் என்று கேட்டு எழுதியதற்குப் பதில் வரவில்லை. அதற்கும் முன்னால் நான் எழுதிய ஒரு நீண்ட கடிதத்தை வெட்டி, நன்றி சொன்ன இரண்டு வரியை மட்டும் போட்டீர்கள். பரவாயில்லை, இடப் பற்றாக்குறை இருந்திருக்கும். இப்போது அந்த இடத்தில் வரப்போகிற இன்ஜின்களின் முழுப்பக்க வண்ணப் படம் வருகிறது. அதுவும் கம்பெனி தந்த படம்.

புது இன்ஜின் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. உங்கள் விமரிசனத்தை நம்பி ஒன்று வாங்கினேன். கைப்பிடிக் கம்பிகள், ரிவெட்டுகள், ஓட்டுநர் அறைக்குள் அளவுமானிகள் எல்லாம் அற்புதம் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், எல்லாம் இருந்தன. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஒரு கைப்பிடிக் கம்பி கையோடு வந்தது, அதையும் பொறுத்துக்கொண்டேன். சில வருடங்களில் அதன் சேசிஸ் பெட்டிக்குள் இருந்தபடியே வீங்கி, வளைந்து, விரிசல் விட்டது. தொட்டால் உதிர்கிறது. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கசடு கொஞ்சம் கலந்துவிட்டால் வரும் நோய் அது. உலகப் போருக்கு முந்தைய மாடல்களில் வந்தது என்று நாம் எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டு பேசுவோமே, அதே நோய்தான், என் புத்தம் புது இன்ஜினில். கம்பெனிக்கு எழுதினேன். அந்த மாடல் தயாரிப்பில் இல்லை, உதிரி பாகம் கிடையாது, புதிய பதிப்பு வரும்போது முன்பதிவு செய்துகொள்ளுங்கள் என்று கனிவாகப் பதில் வந்தது. அந்தப் புதிய பதிப்புக்கும் நீங்கள் மேலும் ஒரு விமரிசனம் எழுதுவீர்கள். கைப்பிடிக் கம்பிகள் அற்புதமாக இருக்கும்.

ஆக, அலமாரியில் இருப்பது எது? உதிர்ந்துபோன அந்தப் புது இன்ஜின்தான். பழையதோ பிரஷ் தேய்ந்தால் பிரஷ் மாற்றி, பிரஷ் உரசும் கம்யூடேட்டரில் கரி படிந்தால் துடைத்து, இன்றைக்கும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிறது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன்கள் வந்து ஓட்டினார்கள். ஒருவன் வளைவில் வேகமாக விட்டுத் தரையிலேயே போட்டுவிட்டான். எடுத்து வைத்தேன், ஓடியது. புது இன்ஜினை அவன் கையில் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மறுப்பு வெளியிடுங்கள் என்றோ, கட்டுரையாளர் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றோ நான் சொல்லப்போவதில்லை; அதெல்லாம் நடக்காது என்று தெரியும். விமரிசனத்தின் அடியில் நீளம், விலை, வண்ணம் என்று ஒரு கட்டம் போடுகிறீர்களே, அதில் இன்ஜினின் எடையையும் கிராமில் போடுங்கள். இடம் மிச்சமிருந்தால், எந்தத் தண்டவாளத்தில், எந்த ஏற்றத்தில், எத்தனை பெட்டி இழுத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இடம் இல்லாவிட்டால் எடை மட்டும் போதும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் சந்தாதாரர்

(இந்தக் கடிதத்தையும் வெட்டுவதாக இருந்தால், தயவுசெய்து அந்த எஃகுத் தண்டவாள விஷயத்தை மட்டுமாவது விட்டுவையுங்கள்.)